தடுத்தாரா, முந்தினாரா?



சில வருஷங்களுக்கு முன்னே ஒரு துக்க வீட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். கையில் இருந்தது ஜேம்ஸ் ராஜா காலத்தில், 1611-ல் வெளிவந்த ஆங்கில வேதாகமம். அதிலே 1 தெசலோனிக்கேயர் 4:15-ல் ‘பிரிவென்ட்’ என்று வருகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ‘தடுப்பது’ என்ற அர்த்தம்தான். ஆகவே, உயிரோடிருக்கிற நாம் மரித்தவர்களைத் தடுக்கக்கூடாது என்று தைரியமாய் விளக்கிவிட்டேன்.

ஜெபம் முடிந்ததும், புருஷனை இழந்த அந்தச் சகோதரி கிட்ட வந்து, “பிரதர், நான் இப்படி அழுறது அவருக்குத் தடையாயிருமா?” என்று கேட்டார்கள். எனக்கு வாயே எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்து தமிழ் வேதாகமத்தைத் திறந்தால், அங்கே தடுப்பதே இல்லை! முந்திக்கொள்வதைப் பற்றித்தான் பேச்சு. அந்த ஆங்கில வார்த்தை லத்தீனிலிருந்து வந்தது. ‘ப்ரே’ என்றால் முன்னே, ‘வெனீரே’ என்றால் வருவது. முன்னே போனவன் வழியில் நின்றுகொண்டால் பின்னால் வருகிறவனுக்குத் தடைதானே? அப்படித்தான் ‘தடுப்பது’ என்ற அர்த்தம் வளர்ந்து, பழைய அர்த்தம் வழக்கொழிந்துபோனது.

இப்போது இறந்தகாலத்தில் ‘பிரிவென்ட்டட்’ என்று வருகிற இடங்களைப் பாருங்கள். சங்கீதம் 119:147-ல் சங்கீதக்காரன் விடியலைத் தடுத்தானா? விடியுமுன்னே எழுந்தான். மத்தேயு 17:25-ல் இயேசு பேதுருவின் வாயை அடைத்தாரா? வரிப்பணத்தைப் பற்றி அவன் வாய் திறக்குமுன்னே அவரே பேச்சை எடுத்தார். எனக்கு அதிகம் பிடித்தது ஏசாயா 21:14. தேமா தேசத்தார் தப்பி ஓடிவருகிறவனை அப்பத்தோடு ‘பிரிவென்ட்டட்’. இன்றைய அர்த்தத்தில் வாசித்தால் அப்பத்தைக் காட்டி வழிமறித்தது போலாகிவிடும்! அவன் கேட்குமுன்னே எதிர்கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்பதே கருத்து. 1982-ல் முழுமையாக வந்த புதிய ஜேம்ஸ் ராஜா பதிப்பில் இந்த இடங்களில் வேறு வார்த்தை போட்டுவிட்டார்கள்.

இன்றைய ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. நாம், “எவ்வளவோ தடுத்தேன், கேக்காம போயிட்டான்” என்கிறோம். தமிழில் அது சரி. ஆங்கிலத்தில் ‘பிரிவென்ட்டட்’ என்றால் அவன் போகவே இல்லை என்று அர்த்தம். போய்விட்டானென்றால் ‘ட்ரைட் டு பிரிவென்ட்’, அதாவது தடுக்கப் பார்த்தேன் என்றுதான் எழுதவேண்டும். பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் ‘பிரிவென்ட்டட் மீ டு கோ’ என்று இருந்தாலும் திருத்துங்கள். ‘பிரிவென்ட்டட் மீ ஃப்ரம் கோயிங்’ என்பதே சரி.

அந்த வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே போனேன். நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டு, கிறிஸ்துவுக்குள் மரித்தவர்களை நாம் முந்திக்கொள்ளப்போவதில்லை, அவர்கள்தான் முதலாவது எழுந்திருப்பார்கள் என்று வாசித்துக் காட்டினேன். சகோதரி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “எப்பவுமே அவருதான் எனக்கு முன்னாடி எந்திரிப்பாரு பிரதர்” என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போனார்கள்.