முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு

திருப்போரூர், ஆலத்தூர், நெம்மேலி, மானாமதி என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறீர்கள். பலர் வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி. ஓய்வுபெற்ற வாத்தியாராக உங்களுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு.

1. எங்கிருந்து வந்தோம் என்பதை மறைக்காதீர்கள். அப்பா மீன் பிடிக்கிறார், அம்மா கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார் என்றால் அப்படியே சொல்லுங்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வே டெக்னீஷியன். அவர் முதலில் படித்தது டிப்ளமோ. பிறகு தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.இ., திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். 2023 ஆகஸ்ட் 23 அன்று லேண்டர் நிலவில் இறங்கியபோது அதற்குப் பொறுப்பாக நின்றவர் அவர்தான். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, வகுப்பில் ஒதுங்கி உட்காரும் பிள்ளைகளுக்காகவே இதைச் சொல்கிறேன்.

2. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். புரியாமல் போவது பெரும்பாலும் பாடம் அல்ல, அதன் ஆங்கிலம். கருத்தை முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. நம் மொழியில் இன்ஜினியரிங் யோசிக்க முடியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதற்காக ஆங்கிலத்தை விட்டுவிடவும் கூடாது. தினம் ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படியுங்கள்.

3. முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைக்காதீர்கள். மற்ற பாடங்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

4. லேப் கல்லூரிக்குள் மட்டும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரைச் சுற்றி இருப்பதைப் போல வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீரைச் சவ்வு வழியே தள்ள வளிமண்டல அழுத்தத்தைப் போல 50, 60 மடங்கு அழுத்தம் வேண்டும். உள்ளே போகும் நீரில் பாதிக்கும் மேல் உப்பு கூடிய கழிவு நீராகத் திரும்புகிறது. அந்தக் கழிவு நீரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை என்ன செய்வது? மெக்கானிக்கல் பிள்ளைகளே, இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பம்பு, ஆற்றல், செலவு மூன்றும் புரிந்துவிடும்.

தெற்கே கல்பாக்கம். அங்கே 500 மெகாவாட் வேக ஈனுலைக்குக் குளிர்விப்பானாகத் திரவ சோடியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தண்ணீர் ஏன் ஆகாது? தண்ணீர் நியூட்ரானின் வேகத்தைக் குறைத்துவிடும். அந்த உலைக்கு வேகம்தான் வேண்டும். மாமல்லபுரத்துக்குப் போனால் முடிக்காமல் விட்ட குடைவரைகளைப் பாருங்கள். பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, நடுவில் நிற்பதை உடைத்து எடுத்திருக்கிறார்கள். முடிந்த சிற்பத்தில் தெரியாத வேலைமுறை அங்கே அப்படியே நிற்கிறது. எனக்குக் கடற்கரைக் கோயிலைவிட அந்தப் பாதிச் சுவர்கள்தான் பெரிது.

5. பொழுதுபோக்கை விடாதீர்கள். பறை அடித்தவன், கபடி ஆடியவன், கோலத்தில் கைதேர்ந்தவள் எல்லோரும் முதல் வருடத்திலேயே அதை மூட்டை கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகவும் வருத்தம். புள்ளி வைத்துச் சிக்கல் கோலம் போடும் பெண்ணுக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பயமே இல்லை. அப்துல் கலாம் கடைசிவரை வீணையை விடவில்லை. பயோடேட்டாவில் “புத்தகம் படிப்பது” என்று சும்மா எழுதாதீர்கள். கடைசியாக என்ன படித்தாய் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

6. உங்களுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய் தரும் திட்டங்கள் இருக்கின்றன. சான்றிதழ் நகல்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அலுவலகத்தில் திரும்பத் திரும்பக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

7. பழைய மாமல்லபுரம் சாலையிலும் ஈ.சி.ஆரிலும் பைக் பந்தயம் வேண்டாம். ஹெல்மெட் போடுங்கள்.

8. அரியர் விழுந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். தனியாகச் சுமந்துகொண்டு, சாப்பிடாமல் ஹாஸ்டல் அறையில் கிடக்காதீர்கள். அப்பா திட்டுவார், இரண்டு நாளில் அவரே எப்போது மறுபடி பரீட்சை என்று கேட்பார். விடைத்தாள் நகல் வாங்கி, மார்க் எங்கே போனது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.