ஷவருக்குக் கீழே ஒரு வாளி

அன்புள்ள வாசகருக்கு,

புது வீட்டுக் குளியலறையில் ஷவர் வைத்த பிறகும் அம்மா வாளியை எடுக்க விடமாட்டேன் என்கிறார், இடத்தை அடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் அம்மா கட்சி.

ஷவர் தண்ணீருக்கு எடை கிடையாது. வாளித் தண்ணீருக்கு உண்டு. 15 லிட்டர் வாளி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் செம்பரம்பாக்கமும் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் வறண்டு கிடந்தபோது, லாரித் தண்ணீரை மூன்றாம் மாடிக்குச் சுமந்தவன் நான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பிடி விரலை அறுக்கத் தொடங்கும். வாளியை வைத்துக் கை மாற்றுவேன். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. செய்தியைப் படித்ததும் அது எத்தனை வாளி என்றுதான் கணக்குப் போட்டேன். ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. அதற்கு முன் நான் தண்ணீரை அப்படி நினைத்ததே இல்லை.

ஊரில் கிணறு இருந்த காலத்திலாவது நினைத்திருக்கலாம். அங்கே இரும்பு வாளி, அடி உருண்டை. அப்போதுதான் கயிற்றை ஒரு சுண்டு சுண்டியதும் சாய்ந்து மொண்டுகொள்ளும். கயிறு அறுந்தால் வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டியைத் தேடி ஓட வேண்டும். கொக்கி கொக்கியாகத் தொங்கும் அந்தச் சாமான் எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் இருந்தது. ஈடாக ஒரு சொம்பு வைத்தால்தான் தருவார்கள். சொம்பை மீட்கவாவது கரண்டி திரும்பி வர வேண்டுமே!

அதே உருண்டை அடியை இன்று சில பெட்ரோல் பங்க்குகளில் பார்க்கலாம். மணல் நிரப்பித் தொங்கும் சிவப்பு வாளி. தரையில் வைத்தால் உருண்டுவிடும். அதனால் கார் கழுவவோ தரை துடைக்கவோ யாரும் எடுத்துப்போக மாட்டார்கள். நெருப்புப் பிடிக்கும் நாளில் வாளி கொக்கியிலேயே இருக்கும். யோசித்தவர் நம் வீடுகளை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாளியை மூலையில் வைக்காதீர்கள், ஷவருக்குக் கீழே வையுங்கள். கீசர் சூடு வந்து சேரும்வரை சும்மா ஓடும் குளிர்ந்த தண்ணீர் அதில் விழட்டும். அது கழிப்பறைக்கு ஆகும், மாப் போட ஆகும். ஒரு வாரம் பிடித்துப் பாருங்கள், அம்மாவோடு சண்டை வராது. புதிதாக வாங்குவதானால் நிறத்தைப் பார்க்காமல், பிடி மாட்டும் காதை அழுத்திப் பாருங்கள். முதலில் விட்டுப்போவது அதுதான்.

காது போன என் நீல வாளியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போட ஆணியைக் காய்ச்சிக்கொண்டு போனேன். ஏற்கெனவே இரண்டு இருந்தன.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்