கட்டாயமா, விருப்பமா: நாட்டு நலப்பணித் திட்டம் வந்த வழி

எக்கியார்குப்பத்திலிருந்து இவ்வாண்டு கல்லூரிக்குச் செல்லும் தங்கைக்கு,

கல்லூரியில் சேர்ந்த சில நாள்களிலேயே தேசிய மாணவர் படையா, நாட்டு நலப்பணித் திட்டமா என்ற கேள்வி மாணவர்முன் வைக்கப்படுவதுண்டு. முன்னது சீருடையாலும் அணிவகுப்பாலும் எளிதில் விளங்கிவிடும். பின்னதோ, படிப்பு நடக்கும்போதே மாணவர்கள் ஓர் ஊரோடு பழகி அதன் தேவைகளுக்கு உழைப்பதற்கென அரசு வகுத்த ஏற்பாடு. அது உருவாகுமுன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே கேள்வி விவாதிக்கப்பட்டது: தொண்டைக் கட்டாயமாக்கலாமா?

டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், மாணவர் தொண்டு அவரவர் விருப்பப்படி அமைய வேண்டும் என்றது. 1959-இல் தேஷ்முக் குழு அதற்கு மாறாக, உயர்நிலைப் பள்ளி முடித்துப் பல்கலைக்கழகம் புகுவோர் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயப் பணி செய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தது. செலவும் நடைமுறைச் சிக்கலும் மிகுதி என்பதால் அது ஏற்கப்படவில்லை. அடுத்த ஆண்டு, பல நாடுகளின் முறைகளை ஆராய்ந்த கல்வியாளர் கே.ஜி. சையிதைன் மீண்டும் விருப்பப் பணியையே வலியுறுத்தினார். சீனப் போருக்குப் பின் 1963-இல் மாணவர் படை கட்டாயமாக்கப்பட்டிருந்த நிலையில், அதற்கொரு மாற்று வழி வேண்டும் என்ற எண்ணம் 1967-இல் வலுப்பெற்றது. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, ஒன்றியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

இதில் சேரும் தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டாண்டு உழைக்க வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் தங்க வேண்டும். சின்னமாக அமைந்த கோனார்க் தேர்ச்சக்கரத்தின் எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும். தமிழர் கணக்கில் அவை எட்டுச் சாமங்கள்.

கல்லூரி தொடர்ந்து பணியாற்றும் ஊருக்குத் 'தத்தெடுத்த கிராமம்' என்று பெயர். இச்சொல்லில் ஒரு வழு ஒளிந்திருக்கிறது: தத்தெடுக்கப்படுவது குழந்தை, ஊரோ கல்லூரியைவிட மூத்தது. உன் ஊரை அடுத்த மரக்காணத்து உப்பளத்தில் வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி, விளைந்த உப்பை வாரி வரப்பில் குவிப்பவர்களின் பாதம் உவர்நீரில் வெடித்திருக்கும்; வெள்ளைப் பரப்பின் கூச்சத்தில் கண் சுருங்கியிருக்கும். அத்தகையோருக்குக் காலை பத்து மணிக்குக் கண் பரிசோதனை முகாம் வைத்தால், பந்தல் இருக்கும், மருத்துவர் இருப்பார், வர வேண்டியவர்கள் பாத்தியில் இருப்பார்கள். அவ்வாறே, 2023 மே மாதத்தில் நச்சுச் சாராயத்துக்கு உயிர்களைப் பறிகொடுத்த உன் எக்கியார்குப்பத்தில், மது ஒழிப்புப் பதாகையோடு ஒருநாள் நடந்துபோவது தொண்டாகாது. அந்த வீடுகளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாலைதோறும் பாடம் சொல்லித் தருவது தொண்டாகலாம்.

கட்டாயத்தால் வருபவர் மணிக்கணக்கை நிரப்பிவிட்டுப் போவார். விரும்பி வருபவரே எந்த நேரத்தில் வந்தால் ஊருக்கு உதவும் என்று கேட்பார். அந்த நேரம் எதுவென்று உன்னைப் போன்ற குப்பத்துப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை முகாமுக்குத் திட்டமிடும் கூட்டத்தில் எழுந்து சொல்வதே அவருடைய 120 மணி நேரத்தில் முதல் மணியாகலாம்.