"குற்றத்தை ஏன் ஒத்துக்கிட்டாரு, சார்?"

பத்தாம் வகுப்பில் தேசிய இயக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒத்துழையாமை இயக்கம், சௌரி சௌரா, காந்தியடிகள் கைது என்று வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"காந்தி தப்பு ஒண்ணும் செய்யலையே சார். அப்புறம் குற்றத்தை ஏன் ஒத்துக்கிட்டாரு?"

நல்ல கேள்வி. அடுத்த பாடவேளை முழுவதையும் அதற்கே ஒதுக்கினேன்.

வகுப்பறையில் ஒரு விசாரணை

இடம் அகமதாபாத். நாள் 1922 மார்ச் 18. 'யங் இந்தியா' இதழில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக காந்தியடிகள் மீது ராஜதுரோக வழக்கு. ஒரு மாணவி நீதிபதி புரூம்ஃபீல்டு ஆனாள். கேள்வி கேட்ட மாணவனையே காந்தியடிகள் ஆக்கினேன். நடந்ததைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்து, சொந்த நடையில் பேசச் சொன்னேன்.

காந்தியடிகள் வாதாடவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார். சௌரி சௌரா வன்முறைக்கும் தமக்குப் பொறுப்பு உண்டு என்றார். இந்தச் சட்டம் நல்லது என்று நம்பினால் கடுமையான தண்டனை கொடுங்கள், இல்லையென்றால் பதவி விலகுங்கள் என்று நீதிபதியிடமே கூறினார். நீதிபதியும் அவரை மதிப்புடன் நடத்தினார். ஆனாலும் சட்டப்படி, முன்பு திலகருக்கு விதிக்கப்பட்டது போலவே 6 ஆண்டுச் சிறை விதித்தார். அரசு பின்னாளில் அதைக் குறைத்தால் தம்மைவிட மகிழ்பவர் யாரும் இருக்க முடியாது என்றும் சொன்னார். எரவாடா சிறையிலிருந்த காந்தியடிகள், குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பின் 1924 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டார்.

நடித்து முடித்ததும் கலந்துரையாடினோம். 'சட்டத்தை மீறினேன்' என்பதும் 'தவறு செய்தேன்' என்பதும் ஒன்றா? இல்லை என்று மாணவர்களே கண்டுபிடித்தார்கள். "விலையைத் தெரிஞ்சேதான் சார் வாங்கினாரு" என்றான் காந்தியாக நடித்தவன். அதைக் கரும்பலகையில் எழுதினேன்.

எனக்கான பாடம்

அந்த வாரம் எங்கள் வகுப்பு உலக உருண்டை உடைந்து கிடந்தது. வழக்கமாகச் சேட்டை செய்யும் ஒருவனை, விசாரிக்காமலே எல்லார் முன்னும் திட்டியிருந்தேன். அவன் மறுத்தும் நான் கேட்கவில்லை.

விசாரணை நடித்த அன்று மாலை வேறொரு மாணவன் வந்தான். நன்றாகப் படிப்பவன். "நான்தான் சார் உடைச்சேன். அவன் திட்டு வாங்கினப்போ பேசாம இருந்துட்டேன்" என்றான். 'உண்மையைச் சொன்னாயே, போதும், போ' என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மன்னிப்பது வேறு, விளைவை இல்லாமல் ஆக்குவது வேறு. "இப்போ என்ன செய்யணும்னு நீயே சொல்லு" என்றேன். நண்பனிடம் வகுப்பில் மன்னிப்புக் கேட்பதாகவும், உருண்டையை ஒட்டித் தருவதாகவும் சொன்னான். பணம் எதுவும் வாங்கவில்லை.

என் பங்கு மீதமிருந்தது. மறுநாள் அவனுக்கு முன்னால் நான் எழுந்து, "விசாரிக்காமல் திட்டியது என் தவறு" என்று அதே வகுப்பில் சொன்னேன். சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. திட்டு வாங்கியவன் உடனே சிரித்துவிடவில்லை. இரண்டு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அதுவும் நான் ஏற்க வேண்டிய விலைதான்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

எந்த வரலாற்று முடிவைக் கற்பிக்கும்போதும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. அவர் எதைத் தேர்ந்தெடுத்தார்? வேறு வழி இருந்ததா?
2. அதற்கு என்ன விலை? முன்பே தெரிந்திருந்ததா?
3. அந்த விலையை அவரே கொடுத்தாரா, வேறு யார் தலையிலாவது விழுந்ததா?

மூன்றாவது கேள்விக்கு அதிக நேரம் கொடுங்கள். மாணவர்கள் தங்களை அங்கேதான் பார்த்துக்கொள்கிறார்கள். நானும் அங்கேதான் என்னைப் பார்த்தேன்.

ஒட்டுப் போட்ட உலக உருண்டை இன்றும் எங்கள் வகுப்பில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் குறுக்கே ஒரு கோடு தெரியும். புதியது வாங்கித் தரக் கேட்டு யாரும் இதுவரை வரவில்லை.