காத்திருந்தது போதும் என்றால் வேலை நின்றுவிடுமா?

பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும். குளிர்சாதன வகுப்புத் தட்கல் டிக்கெட்டுக்காகக் காலை 10 மணிக்குக் கணிப்பொறி முன் உட்காருவது நம்மில் பலருக்குப் பழகிப்போன விஷயம். பெயர், வயது எல்லாம் நிரப்பி, யு.பி.ஐ. மூலம் பணமும் செலுத்தியாயிற்று. திரையில் சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், 'நேரம் கடந்துவிட்டது' என்று ஒரு வரி. பணம் போயிற்றா? டிக்கெட் உண்டா? மறுபடியும் கட்டலாமா?

அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடப்பதுதான் இந்தப் பாடம். நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்காக எழுதுவது, பெற்றோரும் படிக்கலாம். சமையலறை தெரிந்தால் போதும்.

ஒரு சமையல்காரர், மூன்று அடுப்பு. உலை கொதிக்கும்வரை அவர் அதன் முன்னால் கைகட்டி நிற்பதில்லை. இந்தப் பக்கம் காய் நறுக்குகிறார், அந்தப் பக்கம் பருப்பைப் பார்க்கிறார். ஆள் ஒருவர்தான், வேலைகள் மாறி மாறி நகர்கின்றன. ஒத்திசைவற்ற நிரலாக்கம் என்பது இதுதான். பைத்தான் மொழியில் 2014இல் வந்த 3.4 பதிப்பில் இதற்கென 'ஏசிங்க்ஐஓ' என்ற நூலகம் சேர்ந்தது. அடுத்த ஆண்டு 'ஏசிங்க்', 'அவெயிட்' என்ற இரு சொற்களும் மொழிக்குள் வந்தன. நிரலில் 'அவெயிட்' என்பது, 'இது கொதிக்கட்டும், அதற்குள் மற்ற அடுப்பைப் பார்க்கிறேன்' என்று சமையல்காரர் கையை விடும் இடம்.

சரி, உலை கொதிக்கவே இல்லை என்றால்? வலைப்பின்னலின் மறுமுனையில் இருக்கும் இயந்திரம் பதிலே சொல்லாமல் போகலாம். அதற்காகத்தான் கெடு வைக்கிறோம். 2022இல் வந்த பைத்தான் 3.11இல் 'டைம்அவுட்' என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. 10 விநாடி என்று எழுதி, அதற்குள் முடியவேண்டிய வேலையை உள்ளே வைத்துவிடலாம்.

பத்தாவது விநாடியில் வேலை கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரத்து என்பது ஒரு வேண்டுகோள்தான். வேலை எந்த 'அவெயிட்'டில் காத்து நிற்கிறதோ, அந்த இடத்தில் 'கேன்சல்டு எரர்' என்ற பிழை எழுப்பப்படுகிறது. அதாவது, சமையல்காரர் தலையை நிமிர்த்தும்போது காதில் விழுகிறது. அவர் குனிந்து 40 விநாடி மாவாட்டிக்கொண்டிருந்தால் நாம் போடும் கூச்சல் கேட்காது. இன்னும் சொல்லப்போனால் கடிகாரத்தைப் பார்க்கவேண்டியவரும் அவரேதான்! ஆகவே நீண்ட கணக்கு ஒன்றை 'அவெயிட்' இல்லாமல் ஓடவிட்டால் கெடு இருந்தும் இல்லாததுபோல்தான்.

கேட்ட பிறகு செய்யவேண்டியதும் உண்டு. அடுப்பை அணைக்க வேண்டும். திறந்த கோப்பை மூட வேண்டும். பிடித்துவைத்த தொடர்பை விட வேண்டும். இதை 'ஃபைனலி' என்ற பகுதியில் எழுதுவது வழக்கம். எழுதியபின் பிழையை விழுங்காமல் மேலே போகவிட வேண்டும். பலரும் இடறும் இடம் இது. எந்தப் பிழை வந்தாலும் பிடித்துப்போட்டு மேலே ஓடு என்று வலை விரித்து எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பைத்தான் 3.7 வரை அந்த வலையில் ரத்துச் செய்தியும் மாட்டிக்கொண்டது. வேலை ஒன்றும் தெரியாததுபோல் தொடர்ந்து ஓடியது. 2019இல் 3.8 பதிப்பில்தான் ரத்துப் பிழையைச் சாதாரணப் பிழைகளின் வரிசையிலிருந்து பிரித்து வைத்தார்கள். என்றாலும் பெயரே குறிப்பிடாமல் எல்லாவற்றையும் பிடிக்கும் வலையை இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இது இன்றும் மாட்டும்.

இன்னொன்று. 'வெயிட் ஃபார்' என்ற பழைய கருவி, ரத்து சொன்ன வேலை உண்மையிலேயே முடியும்வரை காத்திருக்கும். துப்புரவுக்கு 5 விநாடி ஆனால் 10 விநாடிக் கெடு 15 ஆகும். ஜாவாஸ்கிரிப்டில் கதை வேறு. இரண்டு 'பிராமிஸ்'களை ஓட்டப்பந்தயம் விட்டால் தோற்றது நிற்பதில்லை. யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இவை அத்தனையையும் சரியாக எழுதிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ரத்தானது நம் பக்கத்துக் காத்திருப்பு மட்டுமே. கோரிக்கை ஏற்கெனவே வங்கியின் இயந்திரத்துக்குப் போயிருக்கலாம். தபால் பெட்டியில் போட்ட கடிதத்தை, போட்டவர் மனம் மாறியதற்காகப் பெட்டி திருப்பித் தராது. கோரிக்கை போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். சேர்ந்து, வேலை முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இன்னும் நடந்துகொண்டும் இருக்கலாம். மூன்றும் நம் முனையிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே கெடு முடிந்தது என்பதற்கு 'தோல்வி' என்று பொருள் எழுதுவது தவறு. 'தெரியாது' என்பதே பொருள். 'தோல்வி, மீண்டும் முயலவும்' என்று பொத்தான் வைக்கும் நிரலர் இன்னொருவருடைய பணத்தை இரண்டு முறை எடுக்க வழி செய்கிறார் என்பது என் கருத்து.

வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் முதலிலேயே தனி எண் ஒன்று கொடுத்துவிட வேண்டும். மறுபடி அனுப்பும்போது புதிய எண் வேண்டாம், அதே எண். 'இதை முன்பே செய்துவிட்டேன், இதோ அந்தப் பதில்' என்று மறுமுனை சொல்லும்படி அங்கேயும் எழுதியிருக்க வேண்டும். அல்லது மீண்டும் கட்டுமுன் அந்த எண்ணைச் சொல்லி நிலவரம் கேட்க வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு செய்தி. யு.பி.ஐ. மூலம் வணிகருக்குச் செலுத்திய பணம் நம் கணக்கில் கழிந்து, அவருக்கு உறுதிச் செய்தி போய்ச் சேரவில்லை என்றால், பரிமாற்ற நாளிலிருந்து 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. தனியாள் கணக்குக்கு அனுப்பிய பணம் அங்கே சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். ஆகவே சக்கரம் சுற்றி நின்றால் உடனே மறுபடி கட்டாமல், முதலில் வங்கிக் கணக்கையும் முன்பதிவுப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: 2 விநாடி 'டைம்அவுட்'டுக்குள் ஏசிங்க்ஐஓவின் 'ஸ்லீப்'பை 'அவெயிட்' போட்டு 5 விநாடி தூங்கவிடுங்கள். இரண்டாவது விநாடியில் பிழை வரும். இப்போது அதை எடுத்துவிட்டு, 'டைம்' நூலகத்தின் சாதாரண 'ஸ்லீப்'பைப் போடுங்கள். 5 விநாடி கழித்து எந்தப் பிழையும் இல்லாமல் நிரல் முடியும். கெடு எங்கே போயிற்று என்று மாவாட்டும் சமையல்காரரை நினைத்துக்கொண்டு விடை எழுதுங்கள்.