புதுக் கார்... மலைப் பாதை... பக்கத்தில் யார்?

புதுக் கார் வாங்கியாச்சா? வாழ்த்துக்கள்! அதுவும் ஸ்போர்ட்ஸ் காரா? அப்படியென்றால் கேட்கவே வேண்டாம். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயில் வாசலில் பூஜையும் முடிந்திருக்கும். அடுத்து மனசு எங்கே போகும்? நேராக மலைக்குத்தான்!

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு அந்த மலை தூரத்தில் இல்லை. கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு ஏற ஆரம்பித்தால் கரியாலூர், வெள்ளிமலை என்று கல்வராயன் மலை விரிந்து கொண்டே போகும். மேகம், பெரியார் என்று அருவிகள் வேறு. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி கூட்டம் இல்லாத சாலை. வளைவுக்கு வளைவு பச்சைப் பசேல்! கையில் புது ஸ்டியரிங். காலுக்கு அடியில் ஏகப்பட்ட குதிரை சக்தி. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். நன்றாக அனுபவியுங்கள்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தச் சந்தோஷத்தில் உங்களோடு வருகிறவர்களுக்குப் பங்கு உண்டா? நீங்கள் விசில் அடித்துக் கொண்டு ஓட்டுவீர்கள். பக்கத்தில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டிருப்பார். பின்னால் அம்மா கண்ணை மூடிக் கொண்டு 'எப்பப்பா வரும்?' என்பார். குழந்தை ஏற்கெனவே சட்டையை நனைத்திருக்கும்! 'எனக்கு ஒண்ணும் ஆகலையே, இவங்களுக்கு மட்டும் ஏன் டாக்டர்?' என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

காதுக்குள்ளே ஒரு தராசு

நம் உட்காதில் கேட்பதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதை ஒட்டியே உடம்பின் சமநிலையைப் பார்த்துக் கொள்ளும் பகுதியும் இருக்கிறது. மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பினால் திரவம் அசையும். 'திரும்புகிறோம், சாய்கிறோம்' என்று மூளைக்குச் சேதி போகும்.

வளைவில் கார் திரும்பும்போது காது 'அசைகிறோம்' என்கிறது. ஆனால் பின் சீட்டில் இருப்பவர் பார்ப்பது முன் சீட்டின் முதுகை அல்லது கையில் உள்ள செல்போனை. அது அசையவில்லை. கண் 'சும்மாதான் இருக்கிறோம்' என்கிறது. இரண்டு சாட்சிகளும் மாற்றிச் சொன்னால் மூளை குழம்பாதா? அந்தக் குழப்பம்தான் கொட்டாவி, வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், குமட்டல், கடைசியில் வாந்தி.

சரி, ஓட்டுகிறவருக்கு ஏன் வருவதில்லை? அவர் கண் சாலையில் இருக்கிறது. கை ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு முன்பே, 'இப்போது இடது பக்கம் போகப் போகிறோம்' என்று மூளைக்குத் தெரியும். தலையும் தானாக வளைவின் உள்பக்கம் சாய்கிறது. பக்கத்தில் இருப்பவரின் தலையோ வெளிப்பக்கம் வீசப்படுகிறது. ஆக, ஒரே கார், ஒரே சாலை, ஆனால் இரண்டு விதமான பயணம்! உங்கள் உடம்பை வைத்து அவர்கள் உடம்பை எடை போடாதீர்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் வருவதில்லை. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை அதிகம். கர்ப்பிணிகள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் சீக்கிரம் வரும். இதைப் 'பிகு பண்ணுறாங்க' என்று நினைப்பது தப்பு.

ஒரு சின்னக் கணக்கு

ஐம்பது அடி ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவு. காரில் 50 கிலோ எடையுள்ள அம்மா. 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், சுமார் 10 கிலோ எடை பக்கவாட்டில் அவரைத் தள்ளுவது போல இருக்கும். தாங்கிக் கொள்வார். 30 கிலோமீட்டர் என்றால் அது சுமார் 23 கிலோ. 40 கிலோமீட்டர் என்றால் சுமார் 41 கிலோ! அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நான்கு மடங்கு. உங்களுக்குப் பிடித்துக் கொள்ள ஸ்டியரிங் இருக்கிறது. அவருக்கு?

ஸ்போர்ட்ஸ் காரில் இதற்கு மேலேயும் ஒரு விஷயம் உண்டு. 'ஸ்போர்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தாலே வண்டி பாயும். சில கார்களில் ஸ்பிரிங்கும் விறைப்பாகிவிடும். குடும்பம் உள்ளே இருக்கும்போது அந்தப் பொத்தானை மறந்துவிடுங்கள். சாதாரண நிலையே போதும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் ஒரே சீராகப் போய், வெளியே வந்த பிறகு மெல்ல வேகம் எடுங்கள். வளைவுக்குள்ளே பிரேக், ஆக்ஸிலரேட்டர், மறுபடி பிரேக் என்று மிதித்தால் வயிறு புரளத்தான் செய்யும்.

சமையலறையிலேயே மருந்து

குமட்டலையும் வாந்தியையும் சித்த மருத்துவம் பெரும்பாலும் பித்தத்தோடு சேர்த்துப் பார்க்கும். அதனால் பயணத்துக்கு முன்பே பித்தத்தைக் கிளறாமல் பார்த்துக் கொள்வதுதான் முதல் வைத்தியம்.

வெறும் வயிறு கூடாது. வயிறு முட்டவும் கூடாது. இரண்டு மூன்று இட்லி, அல்லது இடியாப்பம். கிளம்பும் முன் பிரியாணி, பூரி, பரோட்டா வேண்டவே வேண்டாம். காபியையும் இரண்டாவது டம்ளர் கேட்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் 'வாந்தி வரும்' என்று பயந்து பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். ஜாக்கிரதை.

இஞ்சி பலருக்குக் கை கொடுக்கிறது. தோலை நன்றாகச் சீவி எறிந்துவிட்டு (இஞ்சியின் தோலை நீக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பாலபாடம்) சுண்டுவிரல் நகம் அளவு துண்டை மென்று சாற்றை விழுங்கலாம். காரம் தாங்காதவர்கள் சாறெடுத்துத் தெளிய வைத்து, மேலாக உள்ள சாற்றில் கால் ஸ்பூன், ஒரு ஸ்பூன் தேனில் கலந்து சாப்பிடலாம். மலை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிடுவது நல்லது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

உப்பில் ஊறிய நார்த்தங்காய் ஒரு துண்டு வாயில் அடக்கிக் கொள்வது நம் பாட்டிமார் வழக்கம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் கழுவிவிட்டுச் சாப்பிடட்டும். இரண்டு ஏலக்காய் மெல்வதும் இதமாக இருக்கும்.

கடையில் விற்கும் பயண வாந்தி மாத்திரைகள் பலவற்றுக்குத் தூக்கம் வரவழைக்கும் குணம் உண்டு. 'எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு' என்று பிரிக்கும்போது ஓட்டுகிறவர் தப்பித் தவறிக்கூட வாயில் போட்டுவிடக் கூடாது!

உட்காரும் விதம்

அடிக்கடி வாந்தி எடுப்பவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் பின் சீட்டுதான். அவர்களை நடுவில், முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற மாதிரி, உரிய இருக்கையில் பெல்ட்டோடு உட்கார வையுங்கள். பார்வை தூரத்து மலை மீது இருக்கட்டும். செல்போன், புத்தகம் வேண்டாம். தலையைச் சீட்டில் சாய்த்து, வளைவு வரும்போது ஓட்டுகிறவரைப் போலவே வளைவின் உள்பக்கம் லேசாகத் தலையைச் சாய்க்கச் சொல்லுங்கள். செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

புதுக் காருக்கே ஒரு வாசனை உண்டு. உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கும் பசையும் விடுகிற நெடி அது. அதோடு சென்ட் பாட்டிலையும் தொங்கவிட்டால் நல்ல உடம்புக்கே குமட்டும். மலை ஏறியதும் ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடியை இறக்குங்கள். கல்வராயன் காற்றைவிடவா சென்ட்?

காது அடைத்தால் எச்சிலை விழுங்கினால் போதும், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் சரியாகிவிடும். 'உயரம் ஒத்துக்கலை' என்று மலை மேல் பழி போடாதீர்கள். உயரத்தால் வரும் நோய் பொதுவாக எட்டாயிரம் அடிக்கு மேல்தான் தலைகாட்டும். கல்வராயன் மலை அதில் பாதி உயரம்தான். இங்கே தலை சுற்றுகிறது என்றால் காரணம் உயரம் இல்லை. வளைவும், அதில் நீங்கள் போகிற வேகமும்தான்!

ஓட்டுகிறவருக்கும் உடம்பு உண்டு

ஸ்போர்ட்ஸ் கார் சீட் தாழ்வானது. ஒரு மணி நேரம் கழித்து இறங்கும்போது இடுப்பு பிடித்துக் கொள்ளும். இரண்டு கால்களையும் முதலில் வெளியே வைத்து, உடம்பு முழுவதையும் வாசல் பக்கம் திருப்பி, பிறகு எழுந்திருங்கள். ஒரு காலை வெளியே வைத்து இடுப்பை முறுக்கி எழுந்தால் வலி வீட்டுக்கும் கூடவே வரும். வயதான பெற்றோருக்கு நீங்களே கை கொடுத்து இறக்குங்கள்.

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேர கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததை ஊரே கொண்டாடியது. அந்த மாதிரிப் பந்தயத்தில் ஒரே ஆள் 24 மணி நேரமும் ஓட்டுவதில்லை. முறை வைத்து மாறி மாறி ஓட்டுகிறார்கள். பயிற்சி பெற்ற பந்தய வீரருக்கே ஓய்வு வேண்டும் என்றால் நமக்கு? சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்து, விடிந்ததும் மலை ஏறுவது வேண்டாம். கள்ளக்குறிச்சியில் தூங்கி எழுந்து ஏறுங்கள். இன்னொரு விஷயம். பந்தயச் சாலையில் எதிரே வண்டி வராது. கல்வராயன் சாலையில் வரும். விறகு சுமந்து வரும் அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, மாடு, பஸ் எல்லாம் வரும். அது மலைவாழ் மக்களின் வீட்டு வாசல். நாம் அங்கே விருந்தாளிகள்.

மது பற்றிச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் சட்டப்படி குற்றம். மலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு சொட்டுகூட அதிகம்தான்.

இறங்கும்போதுதான் பரீட்சை

ஏறும்போது என்ஜின் வேலை செய்கிறது. இறங்கும்போது பிரேக்குக்குத்தான் வேலை. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறும். சூடு எல்லை மீறினால் மிதித்தாலும் பிடிக்காது. எந்தக் கியரில் ஏறினீர்களோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை நீங்களே தேர்ந்தெடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். மிச்சம் அதில்தான்! கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆற விடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும் என்பது விதி. பெல்ட் எல்லோருக்கும், பின் சீட்டுக்கும் சேர்த்துத்தான். கர்ப்பிணிகள் கீழ்ப் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் போட்டுக் கொள்ள வேண்டும்.

எல்லா வாந்தியும் பயண வாந்தி இல்லை!

இதை மட்டும் மறக்காதீர்கள். பயண வாந்தி என்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று, தூரத்தைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தால் மெல்லத் தணியும். வளைவில் நிறுத்தாமல், அகலமான இடத்தில், பள்ளத்துப் பக்கம் இறங்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஆனால் நெஞ்சில் அழுத்தம், இடது கையோ தாடையோ வலிப்பது, மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குளறல், ஒரு பக்கம் கை கால் தளர்வது, தாங்க முடியாத தலைவலி... இதில் எது சேர்ந்து வந்தாலும் 'மலை ஏறினதால பித்தம்' என்று இஞ்சி தேடாதீர்கள். அது மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம். பெண்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் வாந்தியும் வியர்வையுமாகக்கூட மாரடைப்பு வரும். உடனே 108. கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அந்த நேரத்தில் கை மருந்து பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது.

மற்றபடி மலை நல்லது, காற்று நல்லது, காரும் நல்லதுதான். கடுக்காயும் நெல்லியும் தேனும் தருகிற மலை அது. அவசரப்பட்டுப் பார்க்கிற இடம் இல்லை. மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதைவிடக் கண்ணாடியில் பின் சீட்டு முகங்களைப் பாருங்கள். முகம் வெளுத்தால் வேகத்தைக் குறையுங்கள். வெள்ளிமலையில் இறங்கும்போது அம்மா, 'அடுத்த வாட்டி எப்பப்பா வரலாம்?' என்று கேட்டால், நீங்கள் நல்ல டிரைவர். அந்தக் காருக்குக் கொடுத்த பணமும் செரித்த மாதிரிதான்!