5-ல் ஒரு மேடு

உங்கள் வீட்டில் பழைய பட்டன் போன் கிடந்தால் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். நடுவில் 5 என்ற பட்டனில் சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். அது அழகுக்கு வைத்தது இல்லை.

எங்க ஆச்சிக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் அந்த மேட்டில் கட்டைவிரலை வைத்து, மேலே 2, கீழே 8, இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 6 என்று கணக்குப் பண்ணி, சித்தப்பாவுக்கு அவங்களே போன் போடுவாங்க. போன மாசம் அது கெட்டுப்போச்சு. டச் போன் வாங்கினோம். "ஏலே, இதென்ன சிலேட்டு மாதிரி வழவழன்னு இருக்கு? அஞ்சு எங்கல?" என்றார்கள். தேடுவதற்குள் யாருக்கோ கால் போய்விட்டது!

ஏன் தெரியுமா? பட்டனை அமுக்கினால்தான் உள்ளே மின்சுற்று சேரும். தடவினால் ஒன்றும் ஆகாது. டச் ஸ்கிரீனில் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் இருக்கின்றன. நம் உடம்பும் மின்சாரம் கடத்தும் அல்லவா? விரல் பட்டதுமே அந்த இடத்தில் மின்னேற்றம் மாறும். அதை வைத்துத்தான் எங்கே தொட்டோம் என்று போன் கண்டுபிடிக்கிறது. (வெறும் நக நுனியால் தொட்டால் பெரும்பாலும் வேலை செய்யாது, சோதித்துப் பாருங்கள்.) ஆகவே தேடுவதும் அமுக்குவதும் அதற்கு ஒன்றுதான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2009-ல் ஐபோனில் வாய்ஸ்ஓவர் வந்தது. தொட்டால் வாசித்துக் காட்டும், இரண்டு தட்டு தட்டினால்தான் வேலை செய்யும். எங்கள் ஆண்ட்ராய்டு போனில் உள்ள டாக்பேக்கும் அப்படித்தான். போட்டுப் பார்த்தோம். ஆச்சிக்குக் காதும் கொஞ்சம் மந்தம்!

பட்டன் போன் இன்னும் கடையில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறோம். ஆச்சியும் வர்றாங்க, தடவிப் பார்த்துத்தான் வாங்குவாங்களாம்.